பிரேக்கம்மாவின் தம்பியும் கொம்பு சைக்கிளும்

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே "மேடம்", முதுகுக்குப் பின்னால் "பிரேக்கம்மா". கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதிப்பதற்காக வைத்தது. அதன்மேல் பத்தொன்பது வருடமாகக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். சினிமாத் தியேட்டரில் படத்துக் கார் சந்துக்குள் வேகமாகத் திரும்பினால் முன் சீட்டுக்காரர் முதுகில் ஒரு உதை விழும். "மன்னிச்சுக்கோங்க, தொழில் வியாதி" என்று அவளுடைய கணவர் எழுந்து சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

கால் பிரேக்குக்குப் போனால் அதை உடனே தாளில் குறித்துவிடுவாள். இதில் அவள் படு கறார். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அச்சடித்த தாள்: தேதி, நேரம், போன சாலை, எதற்காகக் கால் போனது, பக்கத்தில் ஒரு டிக். தொடர்ந்து மூன்று வகுப்பு டிக் விழாமல் போனால்தான் லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்புவாள். அழுதாலும் சரி, சிபாரிசு பிடித்தாலும் சரி. பேங்க் அதிகாரி ஒருவர் ஏழு மாதம் அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்தார். "என்னங்க மேடம், என் பொண்டாட்டிகூட என்கிட்ட இவ்வளவு குறை கண்டுபிடிக்க மாட்டா" என்று ஒருநாள் பொருமினார். "வேற ஸ்கூல்ல சேர்ந்துக்கோங்க சார், எனக்கு வருத்தமே இல்ல. ஆனா நீங்க ஓட்டப்போற ரோட்டுலதான் என் தம்பி சைக்கிள் ஓட்டுறான்" என்றாள். மனிதர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். டெஸ்ட் எடுக்கிற அதிகாரிகளுக்கும் இதெல்லாம் தெரியும். பிரேக்கம்மா அனுப்பிய ஆள் என்றால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

தம்பி அவளைவிட ஒன்பது வயது இளையவன். சைக்கிள் ஓட்டுவதுதான் அவனுக்கு வேலை, அதற்குத்தான் சம்பளம். இப்படிச் சொன்னால் தபால்காரரா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, பந்தயக்காரன். ஒரு சின்ன அணியில் ஆறு வருடமாக இருக்கிறான். பந்தயக்காரன் என்றதும் மாலை, கோப்பை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாள் கணக்கில் ஊர் ஊராக நடக்கிற பந்தயங்களில், அணித் தலைவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொள்வதும், பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பதும்தான் அவன் வேலை. மலை ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கும். கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கிற வேகமும் கிடையாது.

ஆனால் ஒன்று கைவந்திருந்தது. இந்தப் பந்தயங்களில் டைம் டிரையல் என்று ஒரு நாள் வரும். அன்றைக்குக் கூட்டமாகப் போகக்கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்பி, முன்னால் பின்னால் துணை இல்லாமல், கடிகாரத்தோடு மட்டும் மோத வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு சைக்கிள் உண்டு. அதில் உடம்பை மடக்கி, நாற்பது நிமிடம் இம்மி அசையாமல், ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். அது அக்காவுக்கும் தம்பிக்கும் குடும்பச் சொத்து. அன்றைக்கு மட்டும் அவன் முதல் பத்துப் பேருக்குள் வந்துவிடுவான். அவன் அணியில் அப்படி வரக்கூடியவன் வேறு யாரும் இல்லை. சொல்லப்போனால் அந்தச் சைக்கிளால்தான் அவனுக்கு வேலையே.

வீட்டில் அதற்குக் கொம்பு சைக்கிள் என்று பெயர். ஹேண்டில்பாருக்கு நடுவிலிருந்து இரண்டு கம்பிகள் கொம்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கைகளை இரண்டு மெத்தைகளில் பதித்து, கைகளை நீட்டிக் கொம்பைப் பிடித்து, முதுகைத் தட்டையாக்கி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். காற்று மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். எல்லாம் சரி, பிரேக் எங்கே? கொம்பில் இல்லை. ஹேண்டில்பாரின் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. பிடிக்க வேண்டுமானால் முழங்கையைத் தூக்கி, கையை விரித்து, அங்கே கொண்டுபோக வேண்டும். ஒரு விநாடிதான் ஆகும். அந்த ஒரு விநாடியில் சைக்கிள் பதினான்கு மீட்டர் போயிருக்கும். தலையோ குனிந்தபடி. கண்ணுக்குத் தெரிவது முன்சக்கரமும் அதற்கு முன்னால் கொஞ்சம் தாரும். பந்தய நாளில் சாலையை அடைத்துவிடுவார்கள், தொல்லையில்லை. பயிற்சி நாளில்? லாரியும் பஸ்ஸும் நாயும் போகிற சாலையில்தான் அவனும் போக வேண்டும்.

அந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று அவள் அதை இரண்டு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.

"பிரேக்குக்கும் கைக்கும் இவ்வளவு தூரமா? இதைச் செஞ்சவன் யாருடா? அவனை என்கிட்ட ரெண்டு கிளாஸ் வரச் சொல்லு."

"அக்கா, உலகம் பூரா இப்படித்தான் ஓட்டுறாங்க."

"உலகம் பூரா என் தம்பியா?"

அன்றைக்கே ஓர் ஏற்பாடு ஆனது. அவன் கொம்பு சைக்கிளில் ஏறுகிற நாளெல்லாம் அவள் பின்னால் காரில் வருவாள். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறிலிருந்து ஏழரை வரை, முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன். டிரைவிங் ஸ்கூல் போர்டைத் தலையில் சுமந்த கார், நான்கு இண்டிகேட்டரும் மினுக்க மினுக்க, அவனுக்குப் பதினைந்து மீட்டர் பின்னால் வரும். அவன் காதில் ஒரு இயர்போன், அவள் மடியில் செல்போன். "முன்னால குழி." "லாரி நிக்குது, நூறு மீட்டர்." "வெள்ளைக் கார்க்காரன் கதவைத் திறக்கப் போறான், தள்ளிப் போ, தள்ளிப் போ." அவன் தலையைத் தூக்காமல் அவள் குரலை மட்டும் நம்பிச் சைக்கிளை வளைப்பான். கண் அவளுடையது, கால் அவனுடையது. அவளுக்கு டெஸ்ட் டூட்டி இருக்கிற நாட்களில் அவன் சாதா சைக்கிளில்தான் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். அவன் இரண்டு தெரு தள்ளித் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான், சைக்கிள்கள் அங்கேதான் இருந்தன.

இதில் ஒரு விஷயம் அவளைப் போட்டு அரித்தது. மாணவர் ஓட்டும்போது அவள் கால் போனால் கார் நிற்கும், வருகிற ஆபத்தும் அதோடு நிற்கும். தம்பிக்குப் பின்னால் போகும்போதும் அவள் கால் பழக்கதோஷத்தில் போய் மிதித்துவிடும். ஆனால் நிற்பது அவளுடைய கார் மட்டும்தான். அவன் போய்க்கொண்டே இருப்பான். அவள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறாளோ அவ்வளவு தூரம் அவன் அவளைவிட்டு விலகிப் போவான்.

கால் போனால் குறிக்காமல் இருக்க அவளால் முடியுமா? ஸ்கூல் தாள் ஒன்றை எடுத்துத் தம்பிக்கென்று ஒதுக்கினாள். தேதி, நேரம், சாலை, காரணம், டிக். மூன்று வருடத்தில் நாற்பது டிக். அவளுடைய கணக்குப்படி பார்த்தால் தம்பி எந்த ஜென்மத்திலும் டெஸ்டுக்குப் போக முடியாது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "என் லிஃப்ட்ல கயிறே அறுந்தாலும் பிரேக் தானா பிடிச்சுக்கும். ரெண்டாவது மாடிக்குப் போற கேஸ் சிலிண்டருக்கு இருக்கிற பாதுகாப்புகூட என் மச்சானுக்கு இல்லையே!" அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்த விபத்து நடந்தது. வேறொரு அணியின் வீரர், கொம்பு சைக்கிளில் தனியாகப் பயிற்சிக்குப் போனவர், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் அப்படியே போய் மோதிவிட்டார். பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை. தாடையும் கழுத்தெலும்பும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றார்கள். சைக்கிள் சங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. சாலைப் பந்தயத்தில் இந்தத் தனிச் சைக்கிள் இருக்கலாமா, அல்லது டைம் டிரையலையும் சாதா சைக்கிளிலேயே நடத்திவிடலாமா என்பது கேள்வி. வீரர்களுக்குப் பின்னால் கார் ஓட்டுகிறவர்கள் தாங்கள் பார்த்ததை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள்.

அறிவிப்பு வந்த மறுநாளே தம்பியின் அணி மேனேஜர் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்துவிட்டார். சாலைச் சின்னங்கள் வரைந்த போர்டுக்குக் கீழே, மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைத் தொடாமல் பேசினார்.

"மேடம், நான் ஒளிவு மறைவு இல்லாம பேசுற ஆள். எனக்கே அந்தச் சைக்கிள் பிடிக்காது. பந்தயத்துல வருஷத்துக்கு ஆறு நாள்தான் அதை வெளிய எடுக்கிறோம். அந்த ஆறு நாளைக்கு ஆளுக்கொரு சைக்கிள், தனிச் சக்கரம், தனி ஹெல்மெட். பெரிய அணிக்காரன் தன் ஆளை ராட்சச ஃபேன் முன்னால உட்கார வச்சு, முழங்கை ஒரு விரக்கடை தள்ளி இருக்கணுமா வேண்டாமான்னு மாசக்கணக்கா ஆராய்ச்சி பண்றான். நாங்க அவன் கழிச்சுக் கட்டினதை வாங்கி ஓட்டுறோம்."

"அப்புறம் என்ன, நீங்களே போய்ச் சொல்லுங்களேன், வேண்டாம்னு."

"எங்க சொல்றது? சட்டம் இருக்கிற வரைக்கும் உங்க தம்பி எனக்கு வேணும். சட்டம் மாறினா வேண்டாம். மலை ஏறுறவன் நாலு பேர் என்கிட்ட இருக்கான். மாசக் கடைசியில அடுத்த ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். நீங்க ஏதோ தாள்ல குறிச்சு வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க மேடம், அவ்வளவுதான்."

நல்ல மனிதர்தான். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் அவளை இன்னும் அதிகமாக உறுத்தியது. தாளை அனுப்பினால் தம்பிக்கு வேலை போகலாம். அனுப்பாவிட்டால் தம்பியே போகலாம். இதற்கு நடுவில் அவள் உட்கார்ந்து மாணவர்களுக்குக் கிளட்ச் எப்படி மிதிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மூடி மறைத்துப் பேச அவளுக்கு வராது.

"தாளை அனுப்பலாம்னு இருக்கேன்டா."

அவன் கை தட்டில் அப்படியே நின்றது. "விளையாடாதேக்கா."

"நாப்பது தடவைடா. மாணவனா இருந்தா உன்னை எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"நான் உன் மாணவன் இல்ல. அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. சாதா சைக்கிள்ல வச்சா அன்னைக்கும் பெரும்பாலும் மலை ஏறுறவனேதான் ஜெயிப்பான். வருஷம் பூரா அவனுங்களுக்குத் தண்ணி சுமக்கிறேன். ஆறு நாள் எனக்குன்னு இருக்கு. அந்த ஆறு நாளையும் பிடுங்கி அவனுங்க கையில குடுக்கணுமா? அதுவும் நீயே?"

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. "வேகமாப் போறவனுக்குப் பிரேக் கிட்டக்க இருக்கணும். இதுகூடத் தெரியாதா உங்க சங்கத்துக்கு?"

"பந்தயம்னாலே வேகமாப் போறதுதான். பாதுகாப்புதான் முக்கியம்னா எல்லாரும் நடந்தே போகலாம், கோப்பையைக் கடைசியா வர்றவனுக்குக் குடுத்துடலாம்."

"மாப்ள, அந்தப் போட்டியில நான்தான் முதல்" என்றார் லிஃப்ட் மெக்கானிக், தொப்பையைத் தடவிக்கொண்டு. இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள். அவர் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"உனக்குப் பயமே இல்லையாடா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல" என்றான், சட்டென்று. பிறகு தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், நாற்பத்தோராவது டிக் விழுந்தது. கிடங்குகள் இருக்கிற நேர்ச்சாலை. முன்னால் ஒரு பால் வேன், பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு நின்றிருந்தது. "வேன் நிக்குது, எண்பது மீட்டர்" என்றாள். அவன் வளையவில்லை. "டேய், வேன்!" மடியில் பார்த்தால் போன் இணைப்பு அறுந்திருந்தது. ஹாரனை அமுக்கினாள். அவன் காதை மூடிய ஹெல்மெட்டுக்குள் அது எந்த வண்டியின் ஹாரனாகவும் இருக்கலாம். கால் போய்விட்டது. கார் கிறீச்சிட்டு நடுரோட்டில் நின்றது. அவன் போனான். தலை குனிந்தபடி, சீராக, அழகாக, நேராக அந்தக் கதவை நோக்கிப் போனான். கடைசி நொடியில் எதையோ நிழலாகப் பார்த்திருப்பான் போல, சைக்கிள் ஒரு முழம் நெளிந்தது. கதவு விளிம்புக்கும் அவன் தோளுக்கும் நடுவில் ஒரு கை நுழைந்திருக்காது.

பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவளுக்குக் காரை எடுக்கத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், கியர் எங்கே இருக்கிறது என்று கையால் தேடினாள். நான்கு கிலோமீட்டர் தள்ளி அவன் திரும்பிப் பார்த்து நின்றிருந்தான். அவள் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்ததும், "எங்கக்கா போயிட்டே?" என்று கேட்டான். வேனைப் பற்றிச் சொன்னாள். "அப்படியா? அவ்வளவு கிட்டவா போனேன்?" என்றான். அன்று மத்தியானம், நாற்பத்தொரு டிக்கும் விழுந்த அந்தத் தாளை, இடம் போதாமல் அதோடு ஒட்டிய இரண்டு தாள்களையும் சேர்த்து, உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டாள். சாயங்காலம் அவன் அறைக்குப் போய், "அனுப்பிட்டேன்" என்றாள். "சரி" என்றான். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவன் அவளிடம் பேசியதெல்லாம் போனில் "ம்", "சரி" மட்டும்தான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அவளுக்கு அது விசாரணை நாளில் சறுக்கியது. சங்கத்தின் கூட்ட அறை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: சங்கத் தலைவர், ஒரு டாக்டர், ஒரு பெண் இன்ஜினியர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர். முன்வரிசையில் மேனேஜரும் தம்பியும் இருந்தார்கள். முதலில் பேசிய சைக்கிள் கம்பெனிக்காரர், இந்தச் சைக்கிள் மனித மூளையின் சிகரம் என்றார். அடுத்துப் பேசிய பழைய பந்தயக்காரர், எங்கள் காலத்தில் இந்தக் கருமாந்திரம் எல்லாம் கிடையாது என்றார். பிறகு அவளை அழைத்தார்கள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுடைய தாளை எடுத்தார்.

"இது நீங்க எழுதினதுதானேம்மா?"

"ஆமா சார்."

"தலைப்பைக் கொஞ்சம் படிக்கிறேன். 'கற்பவரின் தவறுகள்'. கீழே நாற்பத்தொரு வரி. 'முன்னால் பார்க்கவில்லை.' 'பிரேக் பிடிக்கவில்லை.' 'தாமதமாக விலகினார்.' இதுல சைக்கிளைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே? எல்லாம் ஓட்டினவர் தப்புன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அந்தத் தலைப்பை அவள் பல வருடமாகப் படித்ததே இல்லை. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி அது எப்போதும் தாளின் உச்சியில் இருக்கும், அவ்வளவுதான். "அப்படின்னா சைக்கிள்ல குறை இல்ல, ஓட்டினவரோட கவனக்குறைவு" என்று இன்ஜினியர் குறித்துக்கொண்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இதுதான். சைக்கிள் தப்பித்துக்கொண்டது, தம்பி மாட்டிக்கொண்டான், அதுவும் அக்காவின் கையெழுத்தில்.

"சார், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றாள் சத்தமாக. இரண்டு பேர் சிரித்தார்கள். "அது என் ஸ்கூல் தாள். வேற தாள் என்கிட்ட இல்ல. என்கிட்ட கத்துக்கிறவருக்குக் கண்ணு முன்னால ரோடு இருக்கு, காலுக்குக் கீழ பிரேக் இருக்கு. ரெண்டும் இருந்தும் பிடிக்கலைன்னா அவர் தப்பு, அதனால அந்தத் தலைப்பு. இவனுக்கு ரெண்டும் இல்ல. கண்ணு தரையில, பிரேக் கைக்கு எட்டாத இடத்துல. இவனைப் போய் நான் எப்படிச் சார் குத்தம் சொல்லுவேன்?"

தலைவர் தாளைக் கீழே வைத்தார். "நீங்க அக்கா. தம்பிக்காகப் பேசத்தான் செய்வீங்க. அதுல தப்பில்ல. ஓட்டினவர் இங்கேயேதான் இருக்கார், அவரையே கேட்டுடுவோம். தம்பி, எழுந்திருங்க. இந்த நாற்பத்தொண்ணும் உங்க கவனக்குறைவா?"

மேனேஜர் தம்பியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். "ஆமான்னு சொல்லிடு, இனிமே கவனமா இருக்கேன்னு சொல்லு, நாளைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்" என்று சொன்னாராம். அவளுக்கு அது கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆமாம் என்றால் வேலை மிஞ்சும், இல்லை என்றால் போகும், இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? இத்தனை தூரம் வந்த பிறகும், அந்த நிமிடத்தில், ஆமான்னு சொல்லித் தொலைடா என்றுதான் அவளுக்கு வாய்வரை வந்தது.

தம்பி எழுந்தான்.

"அக்கா எழுதின கணக்கு தப்பு சார்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாற்பத்தொண்ணு அவங்க பார்த்தது. அவங்க வராத நாள்லயும் நான் அந்தச் சைக்கிள்ல போயிருக்கேன். சாதா சைக்கிள்ல போறேன்னு அவங்ககிட்ட பொய் சொல்லிட்டு. வாரத்துல மூணு நாள் பயிற்சி பத்தாது சார், முதல் பத்துல வரணும்னா. அன்னைக்கெல்லாம் நடந்ததைக் குறிச்சு வைக்க யாரும் இல்ல."

அவன் மேசையைப் பார்த்துத் தொடர்ந்து பேசினான். "கவனக்குறைவான்னு கேட்டீங்க. நான் நல்லா ஓட்டுறவன். தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்து ஓட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது. தூக்கினா காத்து பிடிக்கும், நேரம் போகும். நேரம் போனா அந்தச் சைக்கிள் எதுக்கு? தலையைக் குனியறதுக்குன்னே செஞ்ச சைக்கிள் சார் அது. நான் குனிஞ்சது தப்புன்னா தப்புன்னு எழுதிக்கோங்க."

"இதைச் சொன்னா உங்க வேலைக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. பாம்பும் சாகாமல் கோலும் உடையாமல் வந்தது. சின்னப் பந்தயங்களில் டைம் டிரையலும் சாதா சைக்கிளில்தான். பெரிய பந்தயங்களில் பழையபடியே. பிரேக்கைக் கொம்புக்கே கொண்டுவர முடியுமா என்று ஆராய ஒரு துணைக் குழு. இரண்டு தரப்பும் சங்கத்தைத் திட்டின. தம்பியின் அணி போவதெல்லாம் சின்னப் பந்தயங்களுக்குத்தான். ஆனால் மேனேஜர் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. விசாரணை முடிந்த அன்றே தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லாத்தான் பேசினே. உன்னை வச்சுக்க முடியாது, மனசுல வச்சுக்காதே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு அவள் படிக்கட்டில் தம்பியை வழிமறித்தாள்.

"எத்தனைடா?"

"என்னது?"

"நான் வராத நாள்ல. பொய் சொன்னதுக்கு வீட்டுக்கு வந்து உன்னை வச்சுக்கிறேன், அது இருக்கட்டும். எத்தனை தடவை? சொல்லு."

"எண்ணலக்கா."

"எண்ணாம எப்படிடா இருப்பே? என் கூடப் பொறந்தவன்தானே நீ?"

அவன் ஷூ நுனியால் படியைத் தேய்த்தான். "எண்ணியிருந்தா அடுத்த நாள் அதுல ஏறியிருக்க மாட்டேன்."

கூட்டம் கலைந்து ஆட்கள் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தலைவர்கூட ஒதுங்கி வழிவிட்டுப் போனார். அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று, ஓவென்று அழுதாள். அவன் அவளுடைய கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றான்.